நாற்பது நிமிட மாவு

மாவில் நஞ்சு இல்லை. அதைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் இருந்தது.

பவுலின் அந்த அறிக்கையை மூன்று முறை படித்தாள். நெடுமேடு தானிய மீட்பு நிலையத்தின் சோதனைக்கூடத்துக்குப் பதினோரு வருடமாக அவள்தான் தலைவி. நிலையத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொரு லோடுக்கும் அவள் கையெழுத்து வேண்டும். மாவட்டத்தில் பன்னிரண்டு லட்சம் பேர் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் உலை வைத்தார்கள். அறிக்கையை அனுப்பியது பொதுச் சுகாதார ஆய்வுக் குழு. நானூறு பேரிடம் சிறுநீர் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நானூறு பேரிடமும் பூஞ்சை நஞ்சின் தடயம் இருந்தது.

அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொள்வது வழக்கமாகி இருபது வருடமாகிவிட்டது. மக்காச்சோளக் கதிர் காய்வதற்குள் பூஞ்சை ஏறிவிடும். அது விடுகிற நஞ்சு கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகாது. இருபது வருடம் கழித்து ஈரலில் கட்டி வரும். நெல் விளைந்த வயலெல்லாம் மூழ்கிப்போய், சோளத்தை விட்டால் வேறு கதியில்லை என்று ஆனபிறகு, அரசாங்கம் மாவட்டத்துக்கு ஒரு மீட்பு நிலையம் கட்டியது. பெரிய இரும்புக் கலன்களில் சோளத்தைக் கொட்டி மூடி, அம்மோனியா வாயுவை அழுத்தத்தோடு உள்ளே விட்டு, இருபது நிமிடம் சூடேற்றுவார்கள். வெளியே எடுத்துச் சோதித்தால் நஞ்சு இருக்காது. அரைத்து மூட்டை கட்டி, தலைக்கு மாதம் பன்னிரண்டு கிலோ என்று ரேஷன் கடைகளுக்கு அனுப்புவார்கள். இது பதினோரு வருடமாக நடந்துவந்தது.

பவுலின் ஒரு குடுவையில் மாவை எடுத்துக்கொண்டாள். வயிற்றில் எவ்வளவு புளிப்பு இருக்குமோ அவ்வளவு அமிலம் சேர்த்து, உடம்புச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தாள். பிறகு சோதித்தாள். திரையில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, கருவியில்தான் கோளாறு என்று நினைத்து அதைத் துடைத்து மறுபடி ஓட்டினாள். அதே எண் வந்தது. அன்று அவள் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

கலன்களை இயக்கும் சடகோபனை உள்ளே கூப்பிட்டாள். நிலையத்தில் அவளுக்கு அடுத்தபடியாக விஷயம் தெரிந்தவன் அவன்தான். வயது முப்பத்தொன்பது. யார் என்ன சொன்னாலும் முகத்தில் ஒன்றும் காட்டமாட்டான்.

"இந்த நஞ்சை ஒரு ஊக்குன்னு வெச்சுக்கோங்க சடகோபன்," என்றாள். "நிஜ ஊக்கு மாதிரி இல்ல, இது மூடியிருந்தாதான் குத்தும். அம்மோனியா என்ன பண்ணுதுன்னா, ஊக்கைத் திறந்து விடுது. திறந்த ஊக்கு நம்ம சோதனைல தெரியாது. நாம நஞ்சே இல்லைன்னு எழுதிடறோம்."

"சரி மேடம்."

"வயித்துல புளிப்பு பட்டா, திறந்த ஊக்கு மறுபடி மூடிக்குது."

"எல்லாமா?"

"பாதிக்குப் பாதி."

"இத்தனை வருஷமும்?"

"இத்தனை வருஷமும்."

"வழி இருக்கா மேடம்?"

"இருக்கு. இருபது நிமிஷத்துக்குப் பதிலா நாப்பது நிமிஷம் சூட்டுல வெச்சா, ஊக்கு ஒடிஞ்சே போயிடும். ஒடிஞ்சது எந்தப் புளிப்புக்கும் திரும்ப வராது. இன்னிக்கு சோதனைக்கூடத்துச் சின்னக் கலன்ல செஞ்சு பாத்துட்டேன்."

சடகோபன் ஜன்னல் வழியாகக் கலன்களைப் பார்த்தான். ஆறு கலன்கள். ஒவ்வொன்றும் நாள் முழுக்க இருபது இருபது நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தன. "நாப்பது நிமிஷம்னா, பாதி மூட்டைதான் மேடம் வெளிய போகும்," என்றான்.

அதைத்தான் பவுலினும் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் கழித்து மாவட்ட உணவு மீட்பு ஆணையரின் அறையில் கூட்டம் நடந்தது. ஆணையர் பெயர் தணிகைநாதன். ஐம்பத்தெட்டு வயது. எந்தக் கெட்ட செய்தியையும் வானிலை அறிக்கை கேட்பதுபோலக் கேட்பவர். பவுலின் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "புதுக் கலன் எப்ப வரும்?" என்றார்.

"பதினெட்டு மாசம் ஆகும் சார். எல்லா மாவட்டமும் கேக்குது."

"இப்ப ரெண்டு ஷிப்ட் ஓட்டறீங்க. மூணு ஓட்டினா?"

"எல்லாருக்கும் நாப்பது நிமிஷ மாவே குடுக்கலாம் சார். ஆனா பன்னெண்டு கிலோ வராது. ஒம்பது கிலோதான் வரும்."

"அது முடியாதும்மா." ஆணையர் குரலை உயர்த்தவில்லை. "போன வருஷம் பக்கத்து மாவட்டத்துல பத்து கிலோவா குறைச்சாங்க. அஞ்சாவது நாள் கடைகளை உடைச்சாங்க. நெரிசல்ல பதினாலு பேர் செத்தாங்க. இருபது வருஷம் கழிச்சு வர்ற கட்டிக்காக இந்த மாசம் பதினாலு பேரை நான் சாகக் குடுக்க முடியாது."

பவுலின் தன் நோட்டைப் பார்த்தபடி இருந்தாள். அதில் அவள் முந்தைய நாளே ஒன்றை எழுதி வைத்திருந்தாள். சொல்வதா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும்போதுகூட முடிவு செய்யவில்லை. இப்போது வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வயசு பார்த்துக் குடுக்கலாம் சார்."

ஆணையர் நிமிர்ந்தார்.

"நோய் வர இருபது இருபத்தஞ்சு வருஷம் ஆகும். சின்னவங்களுக்கு அது பெரிய ஆபத்து. வயசானவங்களுக்கு அவ்வளவு இல்ல. நாப்பது வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு நாப்பது நிமிஷ மாவு. மத்தவங்களுக்கு இருபது நிமிஷ மாவு. எல்லாருக்கும் பன்னெண்டு கிலோ குடுத்துடலாம்."

"நாப்பதுன்னு ஏன் வெச்சீங்க?"

"மாவட்டத்துல பாதிப் பேர் அதுக்கு மேல இருக்காங்க. மூணு ஷிப்டுக்கு அதுதான் சரியா வருது சார்."

ஆணையர் அதை எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும், "அப்ப எனக்கு இருபது நிமிஷம்," என்றார்.

"ஆமா சார். எனக்கும்தான்."

ஆணை பத்து நாளில் வந்தது. நாற்பது நிமிட மூட்டையில் பச்சைக் கோடு, இருபது நிமிட மூட்டையில் மஞ்சள் கோடு. எதையும் மறைக்கவில்லை. எது என்ன, யாருக்கு எது, ஏன் என்று ஒவ்வொரு ரேஷன் கடையிலும் பலகை எழுதி வைத்தார்கள். கலவரம் வரும் என்று எதிர்பார்த்துப் போலீஸ் நிறுத்தியிருந்தார்கள். வரவில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் பலகையைப் படித்தார்கள், மஞ்சள் மூட்டையை வாங்கிக்கொண்டார்கள், போனார்கள். பிறந்த தேதியைத் திருத்தித் தரச்சொல்லி மட்டும் அலுவலகத்தில் கூட்டம் சேர்ந்தது. அதிலும் வேடிக்கை என்னவென்றால், பாதிப் பேர் வயதைக் கூட்டச் சொன்னார்கள். பச்சை மூட்டை பத்தாமல் போய்விட்டால் குழந்தைகளுக்குக் குறைந்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். முப்பத்தெட்டு வயதுக்காரர்கள் தங்களுக்கு நாற்பத்தொன்று என்று சத்தியம் செய்தார்கள். அலுவலகத்தார் இரண்டு வகை மனுவையும் ஒரே காரணம் எழுதித் தள்ளுபடி செய்தார்கள்.

ஆடி மாதத்தில் சடகோபனுக்கு நாற்பது முடிந்தது. மறுநாள் வேலைக்கு வந்தவன், "மஞ்சளுக்கு மாறிட்டேன் மேடம்," என்றான். பவுலின், "டீ சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டாயிற்று என்றான்.

பவுலின் வீட்டில் மூன்று பேர். அவளுக்கு நாற்பத்தாறு வயது. கணவன் அருள்ராயனுக்கு ஐம்பது. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், ரோடுகள் அரித்துக்கொண்டு போனபிறகு வீட்டோடு இருந்தான். சமையல் அவன் பொறுப்பு. மகள் செலஸ்டாவுக்குப் பதினேழு. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். கடையிலிருந்து மூட்டைகளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவது அவள் வேலை. அடுப்படியில் இரண்டு டின்கள் வைத்தார்கள். அருள்ராயன் இரண்டு சட்டியில் களி கிண்டினான். முதல் வாரம் மூவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது சங்கடமாக இருந்தது. பிறகு பழகிவிட்டதாக பவுலின் நினைத்துக்கொண்டாள். மகளின் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. பதினோரு வருடம் அந்தத் தட்டில் தன் கையெழுத்தோடு நஞ்சைப் போட்டிருக்கிறோம், இனி இல்லை என்கிற நிம்மதி.

நான்கு மாதம் கழித்து ஆய்வுக் குழு மறுபடி நானூறு பேரிடம் சிறுநீர் எடுத்தது. நாற்பதைத் தாண்டியவர்களிடம் நஞ்சு பாதியாகக் குறைந்திருந்தது. நாற்பதுக்கு உட்பட்டவர்களிடமும் பாதியாகக் குறைந்திருந்தது. எல்லா வயதிலும் ஒரே அளவு.

இருபது நிமிட மாவு சாப்பிடுகிறவர்களுக்குக் குறையக் காரணமே இல்லை. நாற்பது நிமிட மாவு சாப்பிடுகிறவர்களுக்கு இருக்கவே கூடாது. கடைக்காரர்கள் மூட்டையை மாற்றுகிறார்கள் என்று பவுலின் முடிவு கட்டினாள். ஒன்பது கடைகளுக்குத் தானே போய் மாதிரி எடுத்தாள். பச்சையில் பச்சைதான் இருந்தது, மஞ்சளில் மஞ்சள்தான் இருந்தது. கலன்களைச் சோதித்தாள். சரியாக ஓடின. சோதிக்க வேறு எதுவும் மிச்சமில்லாமல் போகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் வீட்டு அடுப்படியில் நின்று இரண்டு டின்னிலும் ஒவ்வொரு கரண்டி மாவை எடுத்து உறையில் போட்டாள். அருள்ராயன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானே கேக்கணும்னு இருந்தேன்," என்றான். "நாப்பது நிமிஷ மாவுல அம்மோனியா நெடி தூக்கலா இருக்கும். இப்ப கொஞ்ச நாளா ரெண்டு டின்னுலயும் ஒரே நெடியா இருக்கே?"

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு மூணு மாசமா. உங்க ஆளுங்க ஏதோ மாத்திட்டாங்கன்னு விட்டுட்டேன்."

பவுலின் நிலையத்துக்குப் போய்ச் சோதித்தாள். இரண்டு உறையிலும் ஒரே எண் வந்தது, தசமப் புள்ளி வரைக்கும்.

திரும்பி வந்தபோது செலஸ்டா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பவுலின் கொடியின் இந்தப் பக்கம் நின்றாள்.

"மாவைக் கலந்தியா?"

"ஆமா." செலஸ்டா ஒரு சட்டையை உதறிப் போட்டாள். ஒளிக்க வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது மாசத்துலேர்ந்து. கடைலேர்ந்து வர்ற வழில ஹெலன் வீட்டு மொட்டை மாடில தார்ப்பாய் விரிச்சுக் கொட்டிக் கலப்போம். அவங்க வீட்டதும் அங்கதான். எங்க கிளாஸ்ல எல்லாரும் கலக்கறாங்கம்மா. மத்த ஸ்கூல்லயும்தான்."

"உனக்குப் புரியுதா செலஸ்டா? அது உனக்கு நஞ்சு. ஒண்ணுமே இல்லாம இருந்த இடத்துல நீயே போட்டுக்கற."

"தெரியும். நீதான ஊக்கு கதையெல்லாம் சொன்ன. எனக்குக் கொஞ்சம் ஏறுது. உங்க ரெண்டு பேருக்கும் கொஞ்சம் இறங்குது."

"நாங்க இருக்கப்போறதே இன்னும் கொஞ்ச வருஷம்."

"அதத்தான் நான் வேண்டாங்கறேன்." செலஸ்டா வாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் ஈரல் போயிச் செத்தப்புறம் நான் நல்லா ஆரோக்கியமா தனியா உக்காந்து என்ன பண்றது? மீட்டிங்ல நாப்பதுன்னு நீதான சொன்ன. சொல்றதுக்கு முன்னாடி எங்க யாரையாவது கேட்டியா?"

பவுலின் கேட்கவில்லைதான். கேட்க வேண்டும் என்று அந்த அறையில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை. ஈரத் துணிகளுக்கு நடுவே அவள் அப்படியே நின்றாள். கோபப்பட வேண்டும் என்று இருந்தது. கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது, அதையும் மகள் உள்ளே போகும்வரை அடக்கி வைத்திருந்தாள்.

அடுத்த கூட்டத்தில் உண்மையைச் சொன்னாள். தன் வீட்டையும் சேர்த்தே சொன்னாள். ஆணையர் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டார். டின்களைப் பூட்டி வைக்கும்படி பெற்றோருக்கு அறிவுரை போனது. அந்த வாரம் கடைகளில் சின்னப் பூட்டுகள் கிடைக்காமல் போயின. பயனில்லை. பிள்ளைகள் கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலேயே வேலையை முடித்துவிட்டார்கள். கடைசியில் ஒரு துணை ஆணையர், இருபது நிமிட மாவுக்குச் சாயம் போட்டுவிடலாம் என்றார். கலந்தால் காட்டிக்கொடுத்துவிடும், பெற்றோர் கொட்டிவிட்டு வேறு கிண்டுவார்கள் என்பது அவர் யோசனை. அடுத்த மாதத்திலிருந்து மஞ்சள் கோட்டு மூட்டைக்குள் மாவு சிவப்பாக வந்தது. சமையல் சாயம்தான். பவுலினே அளந்து கலனில் ஊற்றினாள்.

சிவப்பு மாவு வந்த வாரம் அவள் மூன்று பள்ளிக்கூடங்களுக்குப் போனாள். மத்தியான மணி அடித்து, பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். களி, அடை, தோசை, புட்டு. எல்லாம் ரோஸ் கலரில் இருந்தன. யாரும் மறைத்துச் சாப்பிடவில்லை. ஒரு டீச்சர் தன் டப்பாவைத் திறந்து பவுலினைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். அதுவும் ரோஸ்தான்.

அவள் அறிக்கை எழுதி அனுப்பினாள். இரண்டு நாளில் ஆணையரே நிலையத்துக்கு வந்துவிட்டார். வந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. வெளியே போகமுடியாமல் சோதனைக்கூடத்திலேயே உட்கார்ந்தார். ஒரு மணியாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று பவுலின் சொன்னாள். ஆணையர் பையிலிருந்து தன் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். திறக்கத் தயங்கினார். பிறகு திறந்தார்.

களி ரோஸ் கலரில் இருந்தது. பக்கத்தில் கொஞ்சம் முருங்கைக்கீரை.

பவுலின் தன் டப்பாவைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஒரே பையன்," என்றார் ஆணையர். "காலேஜ் ரெண்டாவது வருஷம். மூட்டைய ஜீப்புலயே கொண்டுவந்து, டின்னப் பூட்டி, சாவிய என் பாக்கெட்லயே வெச்சிருந்தேன்."

"அப்புறம் எப்படி சார்?"

"பச்சை மூட்டைல செஞ்சத அவன் தட்டுல வெச்சா, சாப்பிடமாட்டேன்னுட்டான். சண்டையெல்லாம் போடல. தட்டத் தள்ளி வெச்சுட்டு எழுந்துபோயிட்டான். மூணு நாள். அவங்கம்மா அழுதுட்டே இருந்தா." ஆணையர் களியில் ஒரு விள்ளல் எடுத்தார். "நாலாம் நாள் காலைல நானே டின்னத் திறந்து கலந்துட்டேன்."

தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. இருவரும் சாப்பிட்டார்கள். கைகழுவிவிட்டு வந்து ஆணையர் கேட்டார்.

"எல்லாருக்கும் நாப்பது நிமிஷம்னா எவ்வளவு வரும்னு சொன்னீங்க?"

"தலைக்கு ஒம்பது கிலோ சார்."

"எழுதிக் குடுங்க."

"கடைய உடைப்பாங்கன்னு சொன்னீங்களே?"

"உடைக்கலாம்." அவர் டப்பாவைப் பைக்குள் வைத்தார். "வயசு பார்த்துப் பிரிக்கறத யோசிச்சவங்க நாம ரெண்டு பேரும்தான். பன்னெண்டு லட்சம் பேரு வேற மாதிரி யோசிச்சிருக்காங்க. நீங்க எழுதுங்க."

ஐப்பசியிலிருந்து ஒரே மூட்டை, ஒரே கோடு, தலைக்கு ஒன்பது கிலோ என்று ஆனது. கடைகளில் மறுபடி பலகை வைத்தார்கள், மறுபடி போலீஸ் நிறுத்தினார்கள். ஒரு ஊரில் மட்டும் கடைக்காரரோடு வாய்ச்சண்டை வந்தது. அதுவும் எடைக்கல் தொடர்பாக. மாதம் முடியப்போகும் நேரத்தில் ஆய்வுக் குழு இந்தமுறை ஆட்களை எடை போட்டுப் பார்த்தது. எல்லோரும் ஒன்றரை, இரண்டு கிலோ இளைத்திருந்தார்கள். எதிர்பார்த்தது ஒரு கிலோவுக்கும் கீழே. மாவு எங்கே போகிறது என்று கேட்டு நிலையத்துக்குக் கடிதம் வந்தது. பதுக்கல் நடக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லியிருந்தார்கள்.

பவுலின் அந்தக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் புது ரேஷன் வாங்கும் நாள். டின்னைக் கவிழ்த்துத் துடைத்து வைக்கலாம் என்று அடுப்படிக்குப் போய்த் தூக்கினாள். கனத்தது. மூடியைத் திறந்தாள். மூன்று பேருக்கு இருபத்தேழு கிலோ வாங்கிய வீட்டில், மாதக் கடைசி நாளில், நான்கு கிலோவுக்குக் குறையாமல் மாவு இருந்தது.

அருள்ராயன் கொஞ்ச நாளாக, கிண்டும்போதே ருசி பார்த்துப் பசி அடங்கிவிட்டது என்று சொல்லிவந்தான். செலஸ்டா, ஹெலன் வீட்டில் சாப்பிட்டுவிட்டேன் என்றாள். ஹெலன் தன் வீட்டில் என்ன சொல்லிக்கொண்டிருப்பாள் என்று பவுலினால் யூகிக்க முடிந்தது. அவளே தினமும் கான்டீனில் சாப்பிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிலையத்தில் கான்டீன் மூடி ஒரு மாதமாகிறது.

அவள் பெரிய சட்டியை அடுப்பில் வைத்தாள். தண்ணீர் கொதித்ததும் டின்னிலிருந்து மாவை அளக்காமல் அள்ளிப் போட்டுக் கிண்டினாள். மூன்று தட்டு எடுத்து, மூன்றிலும் நிறைய வைத்தாள். இருவரையும் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னாள்.

அருள்ராயன் தட்டைப் பார்த்தான். செலஸ்டா அம்மாவைப் பார்த்தாள்.

"யாருக்குப் பசிக்கலை?" என்று கேட்டாள் பவுலின். "இப்பச் சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை.